‘இல்லை’ என்று நான் டிக் போட்ட படிவம்

அந்தப் படிவம் மூன்று பக்கம். புதன்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் பெரியவள் கொண்டுவந்து நீட்டினாள்.

"நைனா, இதுல டிக் போட்டு கையெழுத்து போடு. ஏழு மணிக்குள்ள போட்டோ எடுத்து அனுப்பணும். இல்லன்னா எம்பேர எடுத்துருவாங்க."

சின்னவனே, நீ அந்த வாரம் கடம்பத்தூரில் மாமா வீட்டில் இருந்தாய். உனக்கு இந்தக் கதை பாதிதான் தெரியும். பெரியவளே, உனக்கு எல்லாம் தெரியும், ஆனால் என் பக்கம் என்ன நடந்தது என்று தெரியாது. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ‘பெரியவள், பெரியவள்’ என்று யாரையோ பற்றிப் பேசுவதுபோல் இருந்தால் கோபித்துக்கொள்ளாதே. ‘நீ, நீ’ என்று எழுதப் பார்த்தேன், எனக்குக் கை ஓடவில்லை.

விஷயம் இதுதான். கடலில் பலகை மேல் ஏறி நின்று அலையோடு கரைக்கு வருகிறார்களே, சர்ஃபிங், அதைச் சனி ஞாயிறு இரண்டு நாள் இலவசமாகச் சொல்லித் தருகிறோம் என்று ஒரு சங்கத்துக்காரர்கள் பெரியவள் படிக்கும் பாலிடெக்னிக்குக்கு வந்து சொல்லியிருந்தார்கள். வேறு வேறு இடத்துப் பிள்ளைகள் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தண்ணீரில் விழுந்து பழக வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். சென்னை காலேஜ் பிள்ளைகள் சிலர், நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், கும்மிடிப்பூண்டி மில்களில் காண்டிராக்டில் வேலை செய்யும் வடக்கத்திப் பையன்கள் சிலர். சொல்லிக் கொடுப்பது பழவேற்காட்டுப் பக்கத்து மீனவ ஊர்ப் பிள்ளைகள். பெரியவளுக்குப் பதினேழு வயது. அதனால் அப்பா கையெழுத்து வேண்டும்.

இரண்டாம் பக்கத்தில் ஒன்பது கட்டம் இருந்தது. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் ஆம், இல்லை. நான் ஒன்பதுக்கும் ‘இல்லை’ போட்டேன். ஒரே இழுப்பில்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். பத்தொன்பது வருஷமாகக் காக்களூர்த் தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். காலையில் மிஷினைப் போடுவதற்கு முன்னால் ஒரு தாள் தருவார்கள். பன்னிரண்டு கட்டம். ஆயில் மட்டம் சரியா, கை சிக்காமல் தடுக்கும் காப்பு சரியா, எமர்ஜென்சி பட்டன் வேலை செய்கிறதா. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து டிக் போட வேண்டும். யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. மேலேயிருந்து கீழே வரைக்கும் கை தானாகப் போகும். ஆபீசுக்குத் தேவை நிரம்பிய தாள், எங்களுக்குத் தேவை ஓடுகிற மிஷின்.

ஆனால் பழக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இரண்டாவது கட்டத்தில் என் பேனா ஒரு நொடி நின்றது. அது எனக்குத் தெரியும்.

பெரியவளுக்கு ஒன்பது வயதில் வலிப்பு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. அந்த வருஷத்தில் மொத்தம் மூன்று தடவை. தெருவில் கேட்டவர்களிடம் காய்ச்சல் ஜாஸ்தி ஆகி ஜன்னி என்று சொன்னோம். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மூன்று வருஷம் மாத்திரை. மாத்திரையை உங்கள் அம்மா துவரம்பருப்பு டப்பாவுக்குள் வைத்திருந்தாள், வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று. "பொண்ணு. நாளைக்கு ஒரு எடத்துல குடுக்கணும்" என்பாள். நானும் தலையாட்டினேன். மாத்திரையை நிறுத்தும்போது டாக்டர் சொன்னார்: "திரும்பி வராதுன்னு நம்பலாம். வந்தா ஒளிக்காதீங்க. தண்ணி, நெருப்பு, உயரம், இதுங்ககிட்ட போறப்போ கூட இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்." நம்பலாம் என்ற வார்த்தையை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தோம்.

இன்னொன்று இருக்கிறது. படிவம் வருவதற்கு மூன்று மாதம் முன்னால், ஒரு காலையில் பெரியவள் எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிரம்பிவிட்டது. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். டீ மேடையில் வழிந்து, தரையில் வழிந்து, அவள் கால்மேல் கொட்டியது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. பத்து எண்ணியிருப்பேன். பிறகு, "இன்னா நைனா அப்படிப் பாக்கற?" என்றாள். நான் துணி எடுத்துத் தரையைத் துடைத்தேன். உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அது தெரிந்துதான் ‘இல்லை’ போட்டேன். ‘ஆம்’ போட்டால் அனுப்ப மாட்டார்கள். அவள் அந்த வாரம் முழுவதும் போனில் அந்த வீடியோவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூடப் போனால் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சமையலுக்கு ஒத்தாசை செய்ய ஒரு பெற்றோர் வரலாம் என்றிருந்தார்கள். வெங்காயம் உரிக்கிறேன் என்று பேர் கொடுத்தேன்.

சனிக்கிழமை விடியும்போது மணவாள நகரில் வேன் ஏறினோம். நம் தெருவுக்குப் பின் தெருப் பெண்கள் இரண்டு பேரும் ஏறினார்கள். பெரியபாளையம் தாண்டி, தச்சூர் கூட்டு ரோட்டில் கும்மிடிப்பூண்டிப் பையன்கள் ஏறினார்கள். அதில் ஒருவன் ஒடிசாக்காரன், இரும்பு மில்லில் வேலை, இருபது வயது இருக்கும். முன்கையெல்லாம் தீப்பொறி பட்ட தழும்பு. முதல்நாள் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் வாய் ஓயவில்லை.

"அண்ணா, கடல்ல முதலை இருக்கா?"

"முதலை இல்லப்பா."

"அப்போ ஓகே. மில்லுல சூப்பர்வைசர் இருக்கான், அவனே போதும்."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழவேற்காட்டுப் பாலத்தில் ஏறும்போது ஏரித் தண்ணீர் இரண்டு பக்கமும் தகதகவென்று இருந்தது. மற்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள். நான் தண்ணீரைப் பார்க்காமல் அவள் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு போனேன்.

ஊரில் எங்களுக்காகக் காத்திருந்தவன் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுப் பையன். அந்த ஊர்க்காரன். அவன் அப்பாவும் அண்ணனும் படகில் போகிறார்கள். இவனும் போவான், வாரக் கடைசியில் பலகை சொல்லித் தருவான். பிள்ளைகள் அவனை மாஸ்டர் என்றார்கள். சென்னைப் பிள்ளைகள் வேறு காரில் முன்னமே வந்திருந்தார்கள். அதில் ஒரு பெண் சட்டம் படிக்கிறாள். வந்ததும் பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் நானும் ஒரே ரூம்" என்றாள். பெரியவள் அந்த நிமிஷத்திலிருந்து என்னை ‘நைனா’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு ‘அப்பா’ என்று கூப்பிட்டாள்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் மாஸ்டர் எல்லோரையும் மணலில் வட்டமாக உட்கார வைத்தான்.

"எங்க ஊர்ல ஒரு வழக்கம் கீது. படகத் தண்ணில தள்றதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தனும் வாயால சொல்லணும். ‘நான் இருக்கேன்’, இல்லன்னா ‘இன்னிக்கு நான் இல்ல’. இல்லன்னு சொன்னா ஏன்னு யாரும் கேக்க மாட்டோம். குடிச்சிருப்பான், பொண்டாட்டிகூட சண்ட போட்டிருப்பான், ஒடம்பு முடியாம இருக்கும், எதுவோ. கேக்கறது கெடையாது. ஆனா இருக்கேன்னு பொய் சொல்லிட்டு ஏறினான்னு வையி, அவன் மட்டும் போறதில்ல. கூட நாலு பேர் போவான். சொல்லுங்க."

ஒடிசாப் பையன், "நான் இருக்கேன். கால் மட்டும் இல்ல, ஆடுது" என்றான்.

சட்டம் படிக்கிற பெண், "நான் இருக்கேன் மாஸ்டர். எனக்கு வீசிங் உண்டு. இன்ஹேலர் பேக்ல இருக்கு" என்றாள்.

"பேக்ல இருந்தா அலைக்கு இன்னாமா தெரியும்? கரையில நிக்கறவங்க கையில குடு."

அவள் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக வந்து என் கையில் கொடுத்தாள். "அங்கிள், நான் இப்படிக் கை காட்டினா ஓடி வந்து குடுங்க. ஓகேவா?" ஏதோ ஒரு பெட்டிக்கடையில் மீதிச் சில்லறை வாங்குவதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்கு எதிரில் அத்தனை பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தனும் அவளை வேறு மாதிரிப் பார்க்கவில்லை. அந்த நீலக் குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து பெரியவள். என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சின்னப் பார்வைதான். பிறகு, "நான் இருக்கேன்" என்றாள்.

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். காரணம்கூடக் கேட்க மாட்டேன் என்றுதானே அந்தப் பையன் சொன்னான்? நான் குப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். அவ்வளவுதான் செய்தேன்.

முதலில் மணலிலேயே பலகையைப் போட்டுப் படுத்துப் பழகினார்கள். படுத்து, கையை ஊன்றி, ஒரே தாவலில் எழுந்து நிற்க வேண்டும். ஒடிசாப் பையன் எழும்போதெல்லாம் பக்கத்துப் பலகையில் போய் விழுந்தான். "தம்பி, அது அவங்க ஊடு, உன் ஊடு இது" என்று மாஸ்டர் அவனைத் தூக்கி விட்டான். பெரியவள் முதல் தாவலிலேயே சரியாக நின்றாள். "இன்னா பொண்ணுடா இது, ஸ்பிரிங்கு மாரி எகிறுது!" என்றான். அவள் காது வரைக்கும் சிரித்தாள்.

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். மாஸ்டர் பலகையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அலை வரும்போது தள்ளி விடுவான். நான் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றேன். அலை வந்து தொடைவரை நனைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போய்க்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது.

"அங்கிள், நீங்களும் பேர் குடுத்திருக்கீங்களா?" என்று ஒரு பையன் கத்தினான். சிரிப்பு.

பெரியவள் பலகையை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அப்பா, மேல போங்க. ப்ளீஸ். எல்லாரும் பாக்கறாங்க." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். நான் இரண்டடி பின்னால் போனேன். சமையலில் வெங்காயம் காத்திருந்தது. நான் போகவில்லை.

முதல் அலையில் விழுந்தாள். இரண்டாவதில் பலகை தனியாக, அவள் தனியாக வந்தாள். ஒவ்வொரு தடவையும் தலை மேலே வரும்வரை நான் எண்ணினேன். மூன்றாவது அலையில் எழுந்து நின்றாள். கையை இரண்டு பக்கமும் விரித்து, முட்டியை மடக்கி, நின்றபடியே என்னைத் தாண்டி வந்தாள். ஒரு அடி தூரத்தில்தான் தாண்டிப் போனாள், நான் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. அந்த முகத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. பிள்ளைகளே, இதை மறைக்க மாட்டேன்: அந்த ஒரு நொடி எனக்கும் எல்லாம் மறந்துபோயிற்று. கை தட்டினேன்.

அப்போது மாஸ்டர், "நின்னவங்கல்லாம் எங்கூட வாங்க. அலை ஒடையற எடத்துக்கு அப்பால போலாம்" என்றான். பெரியவளும் இன்னும் இரண்டு பேரும் பலகையில் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அங்கே கால் எட்டாது. அங்கே டீ ஊற்றிய அன்றைப்போல் பத்து நொடி நின்றுபோனால்?

நான் ஓடினேன். மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடினேன். ஆனால் அவன் அதற்குள் மார்பளவு தண்ணீரில் இருந்தான். எனக்கு நீச்சல் தெரியாது. "தம்பி, ஒரு நிமிஷம்!" என்றேன்.

"இன்னாண்ணா? கேக்கல!"

"இங்க வா, ஒண்ணு சொல்லணும்!"

"அப்புறம் சொல்லுண்ணா! அலை வருது!"

அலை இரைச்சலில் காதோடு பேச முடியாது. நான் கத்தினேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "எம்பொண்ணுக்கு வலிப்பு இருக்குது! அவள உள்ள கூட்டிக்கினு போவாத!"

ஒரு அலை உடைந்து அடங்கி, அடுத்தது வருவதற்கு இடையில் கடல் கொஞ்சம் சத்தம் குறையுமே, சரியாக அந்த நேரத்தில் என் குரல் போய் விழுந்தது. எட்டு வருஷமாகப் பருப்பு டப்பாவுக்குள் வைத்திருந்ததை எல்லோரும் கேட்டார்கள். பின் தெருப் பெண்கள் இரண்டு பேரும் கேட்டார்கள்.

 மாஸ்டர் நீந்திப் போய் அவள் பலகையின் மூக்கைப் பிடித்துத் திருப்பிக் கரைக்கு இழுத்து வந்தான். அவள் இறங்கி, பலகையோடு சேர்த்துக் காலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்க்க ரொம்ப நேரம் ஆயிற்று.  என்னைத் தாண்டும்போது நின்றாள்.

"இல்லன்னு டிக் போட்டது யாரு நைனா?"

பதிலுக்கு நிற்கவில்லை. போய்விட்டாள்.

மாஸ்டர் என்னை ஒரு படகுக்குப் பின்னால் கூட்டிப் போனான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ண்ணா, அவள மூணு தடவ அலைல தள்ளி வுட்டேன். இந்தக் கையால. ஒரு வார்த்த நீங்க சொல்லல. எதுனா ஆயிருந்தா நான் எப்படிண்ணா அதுக்கப்புறம் தூங்குவேன்? இப்பதான் இந்த ஊருக்கு நாலு புள்ளைங்க வர ஆரம்பிச்சிருக்காங்க. எங்க பசங்க அவங்ககூடப் பேசறானுங்க, பழகறானுங்க. ஒரு பொண்ணு போயிட்டா இங்க யாரு வருவா?"

"சொன்னா அனுப்ப மாட்டாங்கன்னு..."

"சொல்லியிருந்தா நான் வேற மாரி பண்ணியிருப்பேன். இப்ப எனக்கு உங்க மேல நம்பிக்க இல்ல. அவ சொல்றதையும் நம்ப முடியாது. அதான் கஷ்டம்."

அவனுக்கு என் வயதில் பாதிதான்.  என் கையில் இன்னும் அந்தப் பெண்ணின் குப்பி இருந்தது. அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானம் வெங்காயம் உரித்தேன். உங்கள் அம்மா போன் செய்தாள்.

"புள்ள எப்படிக்கீது? யாருக்கும் தெரியாதில்ல?"

"எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன்."

"எல்லார் எதிர்லயுமா? நம்ம பக்கத்துப் பொண்ணுங்க யாருனா வந்திருக்காங்களா?"

"ரெண்டு பேரு."

அவள் போனை வைக்கவில்லை.  நானே வைத்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகு பெரியவள் தானாக வந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எதிரில் குந்தி உட்கார்ந்தாள். தலை இன்னும் ஈரமாக, உப்புப் பூத்துப்போய் இருந்தது.

"போன மாசம் லேப்ல அப்படியே நின்னுட்டேன். கையில ஒயரு. சார் கூப்ட்டுக்கினே இருந்தாராம். எனக்குக் கேக்கல."

பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "எத்தினி தடவ இந்த மாரி?"

"நாலு. அஞ்சு இருக்கும்."

"ஏம்மா சொல்லல?"

"நீ டீய தொடச்சியே, ஒரு வார்த்த கேட்டியா? எனக்குக் கால் சுட்டுச்சு நைனா. கால் ஏன் சுடுதுன்னு குனிஞ்சு பாத்தேன், நீ தொடச்சிக்கினு இருந்த. அப்ப இது பேசக்கூடாததுன்னு நெனச்சிக்கினேன். நீயும் பேசல, நானும் பேசல." பிறகு அழுதாள். "இன்னிக்கு மட்டும் எதுக்கு ஊருக்கே கேக்கற மாரி கத்தின? எங்கிட்ட ஒருவாட்டி மெதுவா கேட்டிருக்கலாமில்ல?"

நான் மறுபடியும் பாத்திரத்தை எடுத்துக் கழுவினேன். 

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாஸ்டர் அவளிடம் நேராகப் பேசினான். என்னிடம் பேசவில்லை. "கடல்ல கெடையாது. அதுல பேச்சே இல்ல. ஏரிப் பக்கம் முட்டி அளவு தண்ணில பலக போட்டுத் தரேன். ரெண்டு பேர் ரெண்டு பக்கம் புடிச்சிப்போம்."

"ஏரில அலையே இல்லியே மாஸ்டர். எரும மாரி படுத்துக்கினு இருக்கவா?"

"எரும சந்தோஷமாத்தான் இருக்குது."

அவள் சிரிக்கவில்லை. வேண்டாம் என்றுவிட்டாள். அலைக்கு எதிரில் மணலில் போய் உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் என்னிடம் வந்து, "நீ பக்கத்துல வராத. அந்தப் படகுகிட்டவே இரு" என்றாள். இருந்தேன். பின் தெருப் பெண்களில் ஒருத்தி அவளைக் கடந்து போகும்போது குனிந்து ஏதோ கேட்டாள். பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பெண் போய் மற்றவளிடம் ஏதோ சொன்னாள். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. படகோரத்தில் நின்று அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒடிசாப் பையன் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பலகையில் நின்றான். நின்று, கையைத் தூக்கிக் கத்தி, விழுந்தான். எழுந்து வந்து பெரியவளுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தான். காற்று என் பக்கம் அடித்தது. அவன் பேசியது எனக்குக் கேட்டது.

"என் தம்பிக்கும் இது இருக்கு. ஊர்ல கையில இரும்பு குடுப்பாங்க, குடுத்தா நின்னுடும்னு. எங்க மில்லுல டன் டன்னா இருக்கு. ஒனக்கு எவ்ளோ வேணும்?"

அவள் சிரித்துவிட்டாள். சனிக்கிழமைக்கு அப்புறம் முதல் தடவை. "இப்ப இன்னா பண்றான் ஒன் தம்பி?"

"மாத்திரை சாப்டுறான். கிரிக்கெட் ஆடறான். பேட்டிங் மோசம். அது மாத்திரைனால இல்ல."

சட்டம் படிக்கிற பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். மூன்று பேரும் அலையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். அலை நல்ல அலை. மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்று வந்தார்கள். ஒவ்வொருவர் நிற்கும்போதும் பெரியவள் கை தட்டினாள். தட்டி முடித்ததும் கையை மணலுக்குள் புதைத்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டுத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். உள்ளே டாக்டர் அம்மா, "எப்பலேருந்து?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"நைனா, நீ வெளிய இரு" என்றாள் பெரியவள்.

வெளியே சுவரோரம் நின்றேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. வார்த்தை கேட்கவில்லை, அவள் குரல் மட்டும் கேட்டது. எனக்குப் பிறகு வந்த இரண்டு மூன்று பேர் எரிச்சல்பட ஆரம்பித்தார்கள். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வீட்டில் அவள் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசிக் கேட்டதில்லை. சொல்வதற்கு அவ்வளவு இருந்ததா என்று இருந்தது எனக்கு. வெளியே வந்ததும், "இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"மாத்திர குடுத்திருக்காங்க. சென்னைல ஸ்கேன் எடுக்கணும். மீதிய அப்புறம் சொல்றேன்."

சின்னவனே, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் உடம்பில் என்ன வந்தாலும், மனசில் என்ன வந்தாலும், நான் துணி எடுத்துத் துடைக்க வந்தால் என் கையைப் பிடித்து நிறுத்து. எனக்குத் துடைக்கத்தான் தெரிகிறது. கேட்கத் தெரியவில்லை. இப்போதுதான் பழகுகிறேன், அதுவும் சரியாக வரவில்லை.

பின் தெருவில் பேச்சு இருக்கிறது. உங்கள் அம்மா அந்தப் பக்கம் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பெரியவள் போகிறாள். மாத்திரையைக் காலையில் எல்லோர் எதிரிலும் போட்டுக்கொள்கிறாள். டாக்டரிடம் என்ன சொன்னாள் என்று நான்கு மாதமாகியும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்குத் தரும் மரியாதையா, பழைய பயமா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இதை எழுதி முடித்து, தம்பி படிக்கலாமா என்று கேட்டு நேற்று அவளிடம் கொடுத்தேன். வாசல் படியில் உட்கார்ந்து படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு பேனா கேட்டாள். ‘நாலு, அஞ்சு இருக்கும்’ என்று நான் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில் ‘பதினொன்று’ என்று எழுதினாள். தாளை என் கையில் கொடுத்துவிட்டு, எதிரிலேயே நின்றாள்.

"பதினொண்ணா?" என்றேன்.

"ம். ஒண்ணு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல" என்றாள்.

"உக்காரு" என்றேன். உட்கார்ந்தாள்.